வீட்டு நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை ஆபரேஷன்: தேதி குறிப்பது முதல் தையல் பிரிப்பது வரை

ஆண் பூனைக்கு டாக்டர் செலவிடுவது ஐந்து பத்து நிமிஷம். பெட்டை நாய்க்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். மிச்ச வேலையெல்லாம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. தேதியைத் தப்பாகக் குறிப்பது, உண்ணிக் காய்ச்சல் இருப்பது தெரியாமல் கூட்டிப்போவது, பாவம் என்று காலையில் இட்லியைப் பிட்டுப் போடுவது, வீட்டுக்கு வந்தபின் தையலை நக்க விடுவது: கேஸ் கெடுவது பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றால்தான். இந்தக் குறிப்பு அந்த நாலையும் பற்றியது.

பெட்டைக்கு இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் சேர்த்து எடுப்பார்கள். ஆணுக்கு இரண்டு விதைகளையும் எடுப்பார்கள். இரண்டுமே முழு மயக்கத்தில் செய்கிற ஆபரேஷன். காளைக்கன்றுக்கு இடுக்கி வைத்து நசுக்கிக் காயடிக்கிற வழக்கத்தை நாயிடமோ பூனையிடமோ யாரும் காட்டக் கூடாது. அப்படிச் செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எந்த வயதில், எந்த மாதத்தில்

நாட்டு நாய், ஸ்பிட்ஸ், பக், டாஷ்ஹண்ட் போன்ற சிறிய, நடுத்தர நாய்களுக்கு ஆறு மாதம் முடிந்ததும் செய்யலாம். பெட்டையாக இருந்தால் முதல் தடவை பருவத்துக்கு வருமுன் செய்வது நல்லது. பால்மடிக் கட்டி வரும் வாய்ப்பு அப்போதுதான் மிகக் குறையும். ஒவ்வொரு பருவம் தாண்டவும் அந்த லாபம் கரைந்துகொண்டே போகும்.

லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வெய்லர் ஆகியவற்றுக்கு அவசரம் வேண்டாம். எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு இந்த ஹார்மோன்கள் வேண்டும். சீக்கிரமே எடுத்துவிட்டால் கால் எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீண்டு, இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் தொந்தரவு வர வாய்ப்புண்டு. இவற்றுக்கு 12 முதல் 18 மாதம் சரியான வயது. நம் பக்கத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் உயரமானவை. அவற்றுக்கும் ஒரு வயது தாண்டட்டும்.

பூனைக்குக் கணக்கே வேறு. நாலு ஐந்து மாதத்தில், எடை 2 கிலோவை ஒட்டி வந்ததும் செய்துவிடலாம். ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்கிறவர் வீட்டில் பெரும்பாலும் ஏழாம் மாதம் குட்டி கிடக்கும். பகல் வெளிச்சம் நீளும்போது பூனை பருவத்துக்கு வரும். குளிர் நாடுகளில் குளிர்காலக் குறும்பகல் வந்தால் பூனை அடங்கிவிடுகிறது. திருநெல்வேலியில் மார்கழியின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அதனால் இங்கே பூனைக்கு ஆண்டு முழுக்கப் பருவம். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படவும் செய்யும்.

பூனை ராத்திரியெல்லாம் கத்தி, தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினால் வயிற்றுவலி என்று ஓம வாட்டர் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பருவம். பூனைக்கு அந்தச் சமயத்திலேயேகூட ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் உண்டு; ரத்தக் கசிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

நாய்க்கு அப்படிச் செய்யாதீர்கள். பெட்டை நாய் பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புடைத்து, தசை இளகி, தொட்டாலே கிழிகிற பதத்தில் இருக்கும். முதல் சொட்டு ரத்தம் கண்ட நாளை தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள். ரத்தம் சொட்டுவது ஏறக்குறைய ஒன்பது நாள். அடுத்த ஒன்பது நாள், ரத்தம் வெளுத்து வைக்கோல் நிறமாக ஆன பிறகு, ஆணை ஏற்கிற நாட்கள். மொத்தம் மூன்று வாரம். ரத்தம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று கதவைத் திறந்துவிடுவது இந்த இரண்டாம் பாதியில்தான் நடக்கிறது. பருவம் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் தேதி வைத்தால் எல்லாம் அடங்கியிருக்கும்.

இடையில் பொய்ச்சினை என்று ஒன்று வரும். பருவம் முடிந்த ஆறு முதல் ஒன்பது வாரத்தில், இணை சேராத நாய்க்கும் மடி பெருத்துப் பால் கட்டும். பழைய செருப்பைக் குட்டி மாதிரி அணைத்துக்கொண்டு படுக்கும். அந்த நேரத்தில் ஆபரேஷன் செய்தால் ஹார்மோன் திடீரென்று விழுந்து, பொய்ச்சினை தீராமல் நீண்டுபோகலாம். பால் முழுக்க வற்றட்டும். மடியைப் பிழிந்து விடாதீர்கள், பிழியப் பிழியச் சுரக்கும்.

குட்டி போட்ட நாய்க்கு, குட்டிகள் பால் மறந்து இரண்டு மூன்று வாரம் கழித்துச் செய்யலாம். பூனைக்கும் அதே கணக்குதான். ஆனால் அதுவரை கடுவன், அதாவது ஆண் பூனை, உள்ளே வராமல் அடைத்து வைக்க வேண்டும்.

ரத்தக் கசிவு மூன்று வாரத்தையும் தாண்டிச் சொட்டினால் அதைப் பருவம் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். தெரு நாயோடு சேர்ந்த நாய்க்கு, ஆணோ பெண்ணோ, பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் போலத் திரண்டு ரத்தம் கசிகிற ஒட்டுக்கட்டி நம் ஊரில் சகஜம். இணை சேரும்போது ஒரு நாயிலிருந்து மற்றதற்குத் தொற்றுவது. வின்கிரிஸ்டின் ஊசி வாரத்துக்கு ஒன்று என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். முதலில் அந்த வைத்தியம், பிறகு கருத்தடை.

"ஒரு தடவையாச்சும் குட்டி போடட்டும்லா, அப்புறம் பண்ணிக்கிடலாம்" என்பது ஆச்சிகளின் தீர்ப்பு. அந்த ஒரு ஈத்தால் நாயின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. ஐந்தாறு குட்டிகளில் ஆண் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றங்கரையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது யார் என்று அவரவருக்குத் தெரியும்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்து கருப்பையில் சீழ் கட்டுவது. நடுவயது தாண்டிய, கருத்தடை செய்யாத பெட்டைக்கு, பருவம் முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் வரும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போகும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும். சிலதுக்குப் பின்னால் நாற்றச் சீழ் வடியும். கருப்பையின் வாய் மூடிக்கொண்ட வகையில் எதுவுமே வடியாமல் வயிறு மட்டும் உப்பும். அதுதான் கூடுதல் ஆபத்து. மாத்திரையில் ஓட்டிப் பார்க்கிற நோயில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆரோக்கியமான உடம்பில் செய்திருக்க வேண்டிய அதே ஆபரேஷனை, விஷம் ஏறிய உடம்பில் செய்ய வேண்டி வரும்.

கருத்தடைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பருவத்தை நிறுத்துகிற அந்த ஊசிதான் சீழ் கட்டுவதற்கும் மடிக்கட்டிக்கும் பாதை போடுகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால்

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறிநாய்க்கடி ஊசியும் மற்ற கூட்டு ஊசியும் முடிந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். குடற்புழு மருந்தும் இந்த மூன்று வாரத்துக்குள் கொடுத்து முடியுங்கள்.

அடுத்தது உண்ணி. நம் வெயிலில் உண்ணிக்கு ஓய்வே கிடையாது. சுவர் இடுக்கிலும் தொழுவத்திலும் வருஷம் முழுக்கப் பெருகும். அது பரப்புகிற காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைத் தின்றுவிடும். வெளியே பார்க்க நாய் நன்றாகத்தான் இருக்கும், கொஞ்சம் சோர்வு, அவ்வளவே. மேசையில் கத்தி வைத்தபின் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும்போதுதான் தெரியவரும். ஈறு வெளுத்திருக்கிறதா, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் உண்டா, மூக்கில் ரத்தம் வந்ததா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். நாயின் தட்டணு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். கூடவே ரத்தச் சிவப்பணு அளவும், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும் பார்த்தால் போதும். ஏழு வயது தாண்டியதற்கு ஈரல் பரிசோதனையும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனைக்காகும் செலவை வீண் என்று தள்ளுவது நல்ல சிக்கனமில்லை.

உண்ணிக்கு மருந்து போட்டால் என்ன போட்டீர்கள், என்றைக்குப் போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாங்கிய உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலக்கி நாயைக் குளிப்பாட்டுவது கிராமங்களில் வழக்கம். அமிட்ராஸ் கலந்த மருந்தாக இருந்தால், அதுவும் சைலசின் என்கிற மயக்க ஊசியும் உடம்பில் ஒரே வேலையைச் செய்யும். இரண்டும் கூடினால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும். பூனைக்கோ, நாயின் உண்ணி மருந்தே ஆகாது. பெர்மெத்ரின் கலந்தது பட்டால் நடுக்கமெடுத்துச் செத்துப்போகும்.

ஆண் நாய்க்கு இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றது வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கிறது. உடம்புச் சூட்டில் கிடக்கும் அந்த விதையில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு அதிகம். இது பரம்பரையாக வருவது, ஆகவே அந்த நாயை இனத்துக்கு விடவும் கூடாது. இருக்கிற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். மறைந்ததைத் தேடி எடுப்பதுதான் முக்கியம். இப்படிப்பட்ட கேஸ், சீழ் கட்டிய கேஸ், வயதான நாய், சப்பை மூக்கு இனம் எல்லாவற்றுக்கும் திருநெல்வேலி ராமையன்பட்டியிலிருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நல்ல இடம். 2012-இல் தொடங்கிய இந்தக் கல்லூரி சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கிறது. படிப்புக்கான ஆஸ்பத்திரி என்பதால் அறுவைச் சிகிச்சை, மருத்துவம், இனப்பெருக்கம் என்று தனித்தனித் துறை ஆட்கள் இருப்பார்கள்.

பூனைக்குட்டி ஆணா பெண்ணா என்பதிலேயே பலருக்குத் தடுமாற்றம். வாலைத் தூக்கிப் பாருங்கள். மலத்துவாரத்துக்கும் கீழ்த்துவாரத்துக்கும் இடையில் நல்ல இடைவெளி இருந்தால் கடுவன், ஒட்டிக்கொண்டிருந்தால் பெட்டை. கறுப்பும் செம்மையும் வெள்ளையும் கலந்த மூவர்ணப் பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான்.

தேதி குறிக்கும்போது ஊர் நாட்களையும் பாருங்கள். தீபாவளிக்கு முன் பத்து நாள் வேண்டாம். வெடிச் சத்தத்தில் மிரண்டு எகிறிக் குதித்தால் தையல் விட்டுவிடும். திருநெல்வேலி டவுணில் வீடு என்றால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிப் பக்கம் ஆட்டோகூட நகராது. அக்னி நட்சத்திர வெயிலில் செய்யக் கூடாது என்று விதியில்லை, ஆனால் காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். பக், ஷிட்ஸூ, பெர்ஷியன் பூனை வைத்திருப்பவர்கள் வருஷம் முழுக்கவே இப்படித்தான் கேட்க வேண்டும். இந்தச் சப்பை மூக்குகளுக்கு மூச்சுப்பாதை குறுகல். சூடும் பதற்றமும் சேர்ந்தால் ஆட்டோவிலேயே மூச்சு முட்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மயக்கம் ஊசியிலா, மூச்சுக் குழாய் வைத்து வாயுவிலா? நரம்பில் ஊசிக்குழாய் போட்டு வைப்பீர்களா? வலி ஊசி உண்டா, வீட்டுக்கு எத்தனை நாள் மாத்திரை? தோல் தையல் தானே கரைவதா, பிரிப்பதா? சினைப்பையும் கருப்பையும் இரண்டுமே எடுப்பீர்களா? சொன்ன தொகைக்குள் ரத்தப் பரிசோதனை, தையலை நக்காமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பு, தையல் பிரிக்க வரும் நாள் எல்லாம் அடங்குமா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும்: இது வேட்டை நாய், உடம்பில் கொழுப்பே கிடையாது. தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகள் ரத்தத்திலிருந்து கொழுப்புக்குள் ஒதுங்கித்தான் மயக்கம் தெளியும். ஒதுங்க இடமில்லாத மெலிந்த உடம்பில் மயக்கம் மணிக்கணக்கில் நீண்டுவிடும். இனத்தைச் சொன்னால் டாக்டர் வேறு மருந்தை எடுப்பார். நாட்டு நாய் என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள்.

முந்தின ராத்திரி

வளர்ந்த நாய்க்கு ராத்திரி எட்டு மணிக்குக் குறைவாகச் சாப்பாடு, அதோடு நிறுத்தம். காலை ஆபரேஷனுக்கு 8 முதல் 12 மணி நேர வெறும்வயிறு வேண்டும். வளர்ந்த பூனைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். தண்ணீரை ராத்திரியே எடுத்துவிடத் தேவையில்லை, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுத்தால் சரி. நம் வெயிலில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் கட்டிப்போட்டால் காலையில் வறண்டு போய் வந்து நிற்கும். நாலு ஐந்து மாதக் குட்டிகளை ராத்திரி முழுக்கப் பட்டினி போடவே கூடாது. சர்க்கரை இறங்கிவிடும். அவற்றுக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடமே கேளுங்கள், பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம்தான் சொல்வார்.

வெறும்வயிறு ஏன் என்று வீட்டிலிருக்கும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் விழுங்கவும் தெரியாது, இருமவும் தெரியாது. சோறு நேராக நுரையீரலுக்குப் போகும். சைலசின் ஊசியே வாந்தியைக் கிளப்பக் கூடியது. தாத்தா பாசத்தில் ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போகும், வேறொன்றும் நேராது. பூனையை முந்தின ராத்திரியே ஒரு அறையில் அடைத்து வையுங்கள். வளவுக்குள் நாலு வீடு சுற்றுகிற பூனை எங்காவது சாளை மீன் தலையைத் தின்றுவிட்டு வந்து நிற்கும். காலையில் பிடிக்கப் போனால் தட்டட்டி, அதாவது மொட்டை மாடி, ஏறிவிடும்.

நாயை முந்தின நாளே குளிப்பாட்டிவிடுங்கள், இனி இரண்டு வாரம் குளியல் கிடையாது. காலையில் கிளம்புமுன் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடத்திக் கூட்டி வாருங்கள். பூனைக்கு மூடியுள்ள கூண்டு இல்லையென்றால், ஒரே அளவிலான இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினால் போதும். சாக்குப்பை கூடாது, உள்ளே வெந்துவிடும். கடிக்கிற நாய் என்றால் முன்கூட்டியே சொல்லி, வாய்க்கட்டோடு போங்கள்.

ஆஸ்பத்திரியில்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மயக்க மருந்துக்கு எப்போதும் ஒரு சிறு ஆபத்து உண்டு என்பதற்கான கையெழுத்து அது. வயிற்றில் குட்டி இருந்தால் என்ன செய்வது என்றும் அப்போதே பேசி முடிவெடுங்கள்.

பெட்டை நாய்க்கு வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குப் பின்னாலோ வெட்டு வரும். ஆண் நாய்க்கு விதைப்பைக்கு முன்னால் ஒரே வெட்டு. கடுவன் பூனைக்கு விதைப்பையிலேயே இரண்டு சிறு கீறல், தையல் போடாமல் திறந்தே விடுவார்கள். தைக்க மறந்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள், அது தானாக மூடிக்கொள்ளும்.

தலை தூக்கி, சொந்தக் காலில் நாலு அடி வைக்கிற வரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர அவசரப்படாதீர்கள். துணி மாதிரி துவண்டு கிடக்கிறதைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் வருவது வேண்டாத வேலை. கழுத்து மடங்கினால் மூச்சு அடைக்கும்.

முதல் ராத்திரி

மயக்கத்திலிருக்கும் உடம்புக்குத் தன் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. வெளியே நாற்பது டிகிரி கொளுத்தினாலும், சிவப்புச் சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் வெறுமனே போட்டால் சில்லிட்டுவிடும். வீட்டு முன்பக்கத் தார்சாவிலோ கூடமான பட்டாசலிலோ தரையோடு தரையாகப் பழைய போர்வை விரித்து, மேலே ஒரு துண்டு போர்த்துங்கள். கட்டில், நாற்காலி, படிக்கட்டு பக்கத்தில் வேண்டாம், தள்ளாடி விழும். மின்விசிறி நேராகப் படக் கூடாது. வெந்நீர்ப் பாட்டிலைத் துணி சுற்றாமல் வைக்காதீர்கள். நகரத் தெரியாத நிலையில் தோல் வெந்துபோகும்.

பூனையைத் தனி அறையில் வையுங்கள். ஆஸ்பத்திரி வாசனையோடு வந்த பூனையைக் கூட இருந்த பூனையே அடையாளம் தெரியாமல் பிறாண்டும்.

நன்றாக விழித்தபின் ஒரு மூடி தண்ணீர். அரை மணி நேரம் வாந்தி இல்லையென்றால் இன்னும் கொஞ்சம். ராத்திரிக்கு வழக்கத்தில் பாதி: உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கோழி, குழைந்த சோறு. முனகலும் நடுக்கமும் கொஞ்ச நேரம் இருக்கும். மயக்கம் தெளிகிற குழப்பம் அது.

மறுநாள் காலைக்குள் ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டுக்குப் போக இரண்டு மூன்று நாள் ஆகலாம். வயிறு காலியாகத்தான் இருந்தது, கவலை வேண்டாம்.

அந்தப் பத்து நாள்

தையலை நாய் கடிப்பதைவிட நக்குவதுதான் அதிகம், கெடுதலும் அதிலேதான். நாய் எச்சில் காயத்தை ஆற்றும் என்கிற நம்பிக்கையை இந்தப் பத்து நாளுக்கு மூட்டை கட்டி வையுங்கள். நாக்கு ஒரு ராத்திரியில் தையல் முழுவதையும் பிரித்துவிடும். கழுத்தில் மாட்டுகிற கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் நீளம் வெளியே நிற்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வும் வேண்டும். முதல் நாள் சுவரில் முட்டும், பின்னாலேயே நடக்கும். பாவம் என்று கழற்றுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் திரும்ப மேசைக்குக் கூட்டிப்போகும். பெட்டை நாய்க்குப் பழைய பருத்தி பனியனைத் தலைகீழாக மாட்டி, வாலுக்கு ஓட்டை போட்டு, முதுகில் முடிச்சுப் போட்டாலும் சமாளிக்கலாம். தினம் மாற்றித் துவைக்க வேண்டும்.

காலையும் மாலையும் வெளிச்சத்தில் காயத்தைப் பாருங்கள், தொடாதீர்கள். ஓரம் இளஞ்சிவப்பாக, இரண்டு உதடும் சேர்ந்து, காய்ந்து இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன களிம்பு மட்டும் போடலாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், திருநீறு எதுவும் வேண்டாம். மஞ்சள் பற்று காய்ந்தால் அடியில் சீழ் இருப்பதே தெரியாது, எண்ணெய் வாசனை நக்கக் கூப்பிடும்.

நம் ஊரில் காயத்துக்குப் பெரிய எதிரி ஈ. மழைக்காலத்தில் ஈரப்பசையான காயத்தில் ஈ உட்கார்ந்தால் இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும். நாயை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் குழந்தைக் கொசுவலையால் மூடுங்கள். புழு வந்துவிட்டால் அந்துருண்டைப் பொடி, பெட்ரோல், பினாயில் என்று கைவைத்தியம் செய்யாமல் நேராக டாக்டர். அந்துருண்டையும் பினாயிலும் பூனைக்கு விஷம். தரை துடைக்கிற தண்ணீரில்கூட இந்த நாட்களில் பினாயிலைத் தவிர்த்துவிடுங்கள்.

கடுவன் பூனைக்குத் தொட்டியில் ஆற்று மணல் போடுகிறவர்கள் ஐந்து நாளுக்கு அதை மாற்றிக் கிழித்த செய்தித்தாள் போடுங்கள். திறந்த காயத்தில் மணல் ஒட்டி உள்ளே போகும்.

ஓட்டம், குதி, மாடிப்படி, மற்ற நாயோடு மல்லுக்கட்டு எதுவும் கூடாது. முடுக்கு வரை கயிற்றில் கட்டி நடத்திவிட்டுத் திரும்பிவிடுங்கள். அம்பாசமுத்திரம், பாபநாசம், களக்காடு என்று மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ராத்திரியில் வெளியே கட்டவே கூடாது. சிறுத்தைக்கு நாய் எளிதான இரை, அதிலும் ஓடத் தெம்பில்லாத நாய்.

வலி மாத்திரை டாக்டர் கொடுத்ததை மட்டும், எடைக்குச் சொன்ன அளவில், சாப்பாட்டோடு. வீட்டு அலமாரியிலோ மருந்துக் கடை அண்ணாச்சியிடமோ வாங்கிய மனிதர் மாத்திரை எதுவும் கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கரையாத தையலைப் பத்து முதல் பதினான்காம் நாளுக்குள் பிரிப்பார்கள். வீட்டில் கத்தரி வைக்காதீர்கள்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

ஆண் நாய்க்கு விதைப்பை வெறுமையாகத் தொங்காமல் கொஞ்சம் வீங்கி இருப்பது சில நாளில் வற்றும். தையலடியில் வலியில்லாத, நீர் கோர்த்த மெத்தென்ற புடைப்பு அதிகம் துள்ளுகிற நாய்க்கு வரும். அசைவைக் குறைத்தால் தானாக வடியும். டாக்டரிடம் காட்டுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

ஆனால் ஈறு வெள்ளைத் தாளாக வெளுத்தல், கை கால் சில்லிடுதல், எழுந்திருக்காமல் வேகமாக மூச்சு வாங்குதல், வயிறு உப்புதல் என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈறை விரலால் அமுக்கி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். இது பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் காட்டிவிடும்.

காயம் வாய் பிளந்து உள்ளேயிருந்து கொழுப்போ குடலோ எட்டிப் பார்த்தால் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியை உப்புத்தண்ணீர்ப் பாட்டில் கரைசலில், அதாவது குளுக்கோஸ் கலக்காத சலைனில், நனைத்துச் சுற்றிக் கட்டி, நக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாற்றச் சீழ், 103.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு முழு நாள் சாப்பிடாமை, தொடர் வாந்தி ஆகியவற்றுக்கும் அன்றைக்கே காட்ட வேண்டும். நாய், பூனையின் இயல்பான சூடே 101 முதல் 102.5 வரை என்பதால் 101-ஐப் பார்த்து அலற வேண்டாம். கடுவன் பூனை தொட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கி ஒன்றும் வராவிட்டால் அது மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். மூத்திர அடைப்பாக இருக்கும். ஒரு நாள் தள்ளினாலே உயிருக்கு ஆபத்து.

பிறகு

ஆணுக்கு விதை எடுத்தபின்னும் குழாயில் மிச்சமிருக்கும் விந்து நாலு முதல் ஆறு வாரம் வரை சினைப்படுத்தலாம். ஒரே வீட்டில் ஆணும் பெண்ணும் இருந்தால் அதுவரை பிரித்தே வையுங்கள். குறி அடித்து மூத்திரம் தெளிப்பதும், பெட்டையைத் தேடிச் சுவரேறிப் போவதும், மற்ற கடுவனோடு கடித்துக் குதறிக்கொள்வதும் மெல்லக் குறையும். காவல் குறையாது. அந்நியனைப் பார்த்துக் குரைப்பதற்கு விதை தேவையில்லை. அதேபோல், பயத்தால் கடிக்கிற நாய் ஆபரேஷனாலே சாதுவாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பழக்கம் வேண்டும்.

எடை ஏறும் என்பது உண்மை, ஏறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கரண்டியில் இருக்கிறது. தேவை குறைகிறது, பசி கூடுகிறது. தையல் பிரித்த வாரத்திலிருந்தே நாலு கரண்டி வைத்த இடத்தில் மூன்று கரண்டி. மாதம் ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

சில பெரிய பெட்டை நாய்களுக்குச் சில வருஷம் கழித்துத் தூக்கத்தில் மூத்திரம் சொட்டலாம். அழுக்குப் பழக்கம் என்று அடிக்காதீர்கள். மாத்திரையில் கட்டுப்படும்.

கருத்தடை செய்த பெட்டை ஆறு மாதமோ இரண்டு வருஷமோ கழித்து மறுபடி பருவத்துக்கு வந்தால், சினைப்பையின் துணுக்கு ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது. வீடியோ எடுத்து வையுங்கள், அடையாளங்கள் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போங்கள். ஹார்மோன் பரிசோதனையும் அப்போதுதான் துல்லியமாகக் காட்டும். மேசையில் திறந்து தேடும்போதும் துணுக்கு பெருத்திருப்பதால் டாக்டர் கண்ணுக்குச் சீக்கிரம் அகப்படும்.